திருகோணமலைக்கு ஒரு பல்கலைக்கழகம்: கேட்டதும் கிடைத்ததும்

திருகோணமலை பஸ் நிலையத்தில் காலையில் நிலாவெளிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டர் ஊர்ப் பெயர்களைச் சொல்லிக் கூப்பிடுவார். உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி என்று போகும் அந்த வரிசையின் நடுவே ஊரல்லாத ஒரு பெயரும் வரும்: 'கம்பஸ்'. உப்புவெளியில் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி, சாம்பல்தீவுப் பாலத்தைக் கடந்தால் பனைகளுக்கு இடையே கடல் தெரியத் தொடங்கும். கோணேசபுரியில் பாதி பஸ் காலியாகிவிடும். மடிக்கணினிப் பையும் குடையுமாக இறங்கும் பிள்ளைகளில் மூதூர்க்காரி இருப்பாள், வல்வெட்டித்துறைக்காரன் இருப்பான், குருநாகலிலிருந்து வந்து இன்னும் வெயிலுக்குப் பழகாத முதலாம் வருடத்துப் பிள்ளையும் இருக்கும். மூவரும் கொண்டக்டரிடம் சொன்ன சொல் ஒன்றுதான்.

அந்தச் சொல்லுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1972இல் இலங்கையின் பல்கலைக்கழகங்கள் எல்லாம் ஒரே பல்கலைக்கழகமாக்கப்பட்டன. பேராதனை, கொழும்பு, வித்தியோதயா, வித்தியாலங்கார, கட்டுபெத்தை என்று ஒவ்வொன்றும் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமானது. அந்த ஏற்பாடு ஆறேழு ஆண்டுகளில் முடிந்தும் சொல் மட்டும் தங்கிவிட்டது. இன்றும் நம் வீடுகளில் பிள்ளை பேராதனைக்குப் போனாலும் யாழ்ப்பாணத்துக்குப் போனாலும் 'கம்பஸ் கிடைச்சிட்டுது' என்றுதான் சொல்கிறோம். மற்ற ஊர்களில் இது பேச்சுவழக்கு. திருகோணமலையில் இதுவே சட்டப்பெயர். இங்கே இருப்பது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம். தொடங்கி 30 ஆண்டுகளைத் தாண்டியும் அது வளாகமாகவே இருக்கிறது.

கிழக்கு மாகாணத்தின் தலைநகர் திருகோணமலை. மாகாணத்தின் மூன்று மாவட்டங்களில் மட்டக்களப்புக்கு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும், அம்பாறைக்கு ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. தலைநகரைக் கொண்ட மாவட்டத்துக்குத்தான் தனிப் பல்கலைக்கழகம் இல்லை. ஆனால் இலங்கைத் தமிழர் தமக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று முதன்முதலில் அரசியல் மேடையில் கேட்டபோது, அது அமைய வேண்டிய இடமாகச் சொல்லப்பட்ட ஊர் இதுவே. கேட்ட பல்கலைக்கழகம் ஏன் வரவில்லை, வந்த வளாகம் எங்கிருந்து வந்தது, இனி அது எதுவாக வேண்டும் என்பவை பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

பல்கலைக்கழகம் வரும் முன்பே ஊரில் கல்வி இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தி. த. கனகசுந்தரம்பிள்ளை, தி. த. சரவணமுத்துப்பிள்ளை என்ற சகோதரர் இருவர் இங்கிருந்து சென்னைக்குப் படிக்கப் போனார்கள். மூத்தவர் பதிப்பும் உரையுமாகத் தமிழறிஞர் வட்டத்தில் மதிக்கப்பட்டவர். இளையவர் நூலகப் பணியில் இருந்துகொண்டே 1892இல் பெண் விடுதலையைப் பேசும் 'தத்தை விடு தூது' எழுதினார். 1895இல் 'மோகனாங்கி' எழுதினார். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று ஆய்வாளர் கொண்டாடும் அந்த நூலை எழுதியவர் திருகோணமலைக்காரர். அதை அவர் எழுதியதும் அச்சில் கண்டதும் சென்னையில். ஊரில் ஓர் உயர்கல்வி நிலையம் இருந்திருந்தால் என்று நினைப்பது வீண்தான். 1921 வரை கொழும்பிலேயே ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி இருக்கவில்லை. ஆனாலும் படித்தவன் ஊரை விட்டுப் போக வேண்டும், போனவனின் பெயர் மட்டும் ஊருக்குத் திரும்பி வரும் என்ற வழக்கம் இங்கே அப்போதே வேர் விட்டது.

1920களில் இராமகிருஷ்ண மிஷன் திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்றபோது சுவாமி விபுலாநந்தர் இங்கே வந்தார். விஞ்ஞானப் பட்டதாரி, மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர், துறவி என்று மூன்றும் ஒருவரில் கூடியிருந்த அவர் அதிபராக இருந்த கல்லூரியில் விஞ்ஞானமும் தமிழும் ஒரே கூரையின் கீழ் மதிக்கப்பட்டன. இங்கிருந்து போய் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் அவரே. திருகோணமலையில் ஒரு பல்கலைக்கழகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் கணிதமும் யாழும் ஒரே மேசையில் கிடந்த அவருடைய அறைதான் எனக்குத் தோன்றும்.

தமிழ்ப் பல்கலைக்கழகக் கோரிக்கை 1950களில் பிறந்தது. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியானதும், தமிழில் உயர்கல்வி இனி எங்கே என்ற கேள்வி கூர்மையாகியது. தமிழரசுக் கட்சி திருகோணமலையைக் காட்டியது. அக்கட்சிக்கு இந்த ஊர் வெறும் துறைமுகமன்று. வடக்கும் கிழக்கும் சேர்ந்த ஒரு சுயாட்சி மாநிலத்தை மனதில் வரைந்தவர்களுக்கு அதன் தலைநகர் இதுதான். யாழ்ப்பாணத்தானும் மட்டக்களப்பானும் சமமாகக் கால்வைக்கக்கூடிய நடு இடம் என்பது ஒரு காரணம். மாவட்டத்தில் அரசு நடத்திய குடியேற்றங்களால் நிலமும் வாக்கும் கைமாறிக்கொண்டிருந்ததால், இங்கே ஒரு பெரிய தமிழ் நிறுவனத்தை ஊன்ற வேண்டும் என்ற தவிப்பும் சேர்ந்தது. மறுபக்கத்தில் யாழ்ப்பாணத்தவர் பலர் தங்கள் கல்லூரிகளையும் நூலகங்களையும் ஆசிரியர் கூட்டத்தையும் காட்டி, பல்கலைக்கழகம் முளைக்கத் தேவையான மண் அங்கேதான் தயாராக இருக்கிறது என்றார்கள். அந்த வாதத்திலும் நியாயம் இல்லாமலில்லை.

இந்த இழுபறியை முடித்தது அரசு. 1974 அக்டோபர் 6ஆம் தேதி பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க யாழ்ப்பாண வளாகத்தைத் திறந்து வைத்தார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களில் அது தொடங்கியது, க. கைலாசபதி அதன் முதல் தலைவர். தமிழரசுக் கட்சியினர் எதிர்த்தார்கள். திருகோணமலையைக் கேட்டால் யாழ்ப்பாணத்தைத் தருவது தமிழர் நிலப்பரப்பின் ஒருமைக்கு வைக்கும் வேட்டு என்பது அவர்கள் கணிப்பு. தரப்படுத்தலால் பல்கலைக்கழக வாசல் அடைபட்டு நின்ற ஒரு தலைமுறையின் பெற்றோருக்கோ கிடைத்ததை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. வளாகம் வளர்ந்தது, 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமானது. அதன் கல்விப் பணியை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. அதனோடு திருகோணமலைக் கோரிக்கை மேடையிலிருந்து மெல்ல இறங்கிவிட்டதும் உண்மை.

கிழக்குக்கு வந்த முதல் நிலையமும் திருகோணமலையைத் தாண்டித்தான் போனது. 1981 ஆகஸ்டில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தின் கட்டடங்களில் விஞ்ஞானத்தோடும் விவசாயத்தோடும் தொடங்கி, 1986 அக்டோபரில் கிழக்குப் பல்கலைக்கழகமானது. நான்கே ஆண்டுகளில் அந்த வளாகம் அகதி முகாமாக மாறியது. 1990 செப்டம்பர் 5ஆம் தேதி அங்கே தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேரை இராணுவம் கூட்டிக்கொண்டு போனது; அவர்கள் திரும்பவில்லை. 2006 டிசம்பரில் அதன் துணைவேந்தர் பேராசிரியர் சி. இரவீந்திரநாத் கொழும்பில் வைத்துக் காணாமல் ஆக்கப்பட்டார். கிழக்கில் உயர்கல்வி வளர்ந்த கதையை எழுதும்போது கட்டடங்களின் எண்ணிக்கைக்கு முன் இவற்றை எழுத வேண்டும். போரோடு தமிழ், முஸ்லிம் உறவும் முறிந்தது. வந்தாறுமூலைக்குப் போக முடியாமற்போன முஸ்லிம் மாணவர், ஆசிரியர் நிலையிலிருந்துதான் 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி பிறந்தது. ஓராண்டுக்குள், 1996 மே மாதத்தில், அது பல்கலைக்கழகமாகிவிட்டது.

திருகோணமலை வளாகத்தின் பிறப்பு இந்தக் கதைகள் எதிலும் சேராது. அதன் மூலம் தெற்கில் இருக்கிறது. 1987 முதல் 1989 வரை நடந்த ஜே.வி.பி. கிளர்ச்சியில் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் மாண்ட பின், இளைஞர் ஏன் கொதித்தார்கள் என்று ஆராய ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று அமைந்தது. நாட்டுப்புற இளைஞருக்கு உயர்கல்வி எட்டாமலிருப்பது அது கண்ட காரணங்களில் ஒன்று. அதைத் தொடர்ந்து, 1990களின் தொடக்கத்தில், மாகாணங்களில் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரிகள் தோன்றின. இரண்டு வருட டிப்ளோமா, அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் மேற்பார்வை, வேலைக்கு உதவும் பாடங்கள் என்பது அவற்றின் அமைப்பு. அந்த வரிசையில் கிழக்கு மாகாணத்துக்கான கல்லூரி 1993இல் திருகோணமலைக்கு வந்தது. தமிழர் ஊர்வலம் போய்க் கேட்டபோது வராதது, வேறொரு கிளர்ச்சியின் பின்விளைவாக, சிறிய உருவில், யாரும் விழா எடுக்காமல் வந்து சேர்ந்தது.

வந்த நேரமும் கொடியது. 1990இல் மூண்ட போரில் நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மக்கள் காடு வழியாக முல்லைத்தீவுக்கும் படகேறி இந்தியாவுக்கும் போய்விட்டிருந்தார்கள். தாய்ப் பல்கலைக்கழகமோ நூறு கிலோமீட்டருக்கு அப்பால். கரையோரப் பாதையில் போனால் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று துறைக்குத் துறை பாதை எனப்படும் மிதவையில் ஏறி இறங்க வேண்டும். அந்த வழியும் போரில் மூடுண்டு கிடந்த காலம் நீண்டது. வந்தாறுமூலையில் ஒரு கூட்டத்துக்குப் போக ஹபரணை, பொலன்னறுவை, வாழைச்சேனை என்று உள்நாட்டைச் சுற்றி, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறிப் போக வேண்டியிருந்தது. கிண்ணியாப் பாலம் 2009 அக்டோபரிலும் மற்றப் பாலங்கள் 2011இலும் திறந்த பிறகே வளாகமும் பல்கலைக்கழகமும் ஒரே பகலில் போய்த் திரும்பும் தூரத்துக்கு வந்தன.

டிப்ளோமாக் கல்லூரி 2001 ஜூனில் திருகோணமலை வளாகமாக உயர்ந்தது. தொடர்பாடலும் வணிகமும் ஒரு பீடம், பிரயோக விஞ்ஞானம் இன்னொரு பீடம். 2004 டிசம்பர் 26இல் நிலாவெளிக் கரையைச் சுனாமி விழுங்கியது. 2006 ஜனவரி 2ஆம் தேதி மாலை திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலைக்கு அருகில், 5 தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் 20, 21 வயதுப் பிள்ளைகள். பல்கலைக்கழகம் என்ற சொல் அவர்களின் வீடுகளில் எவ்வளவு எதிர்பார்ப்போடு பேசப்பட்டிருக்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டின் நடுவில் மாவிலாற்றில் தொடங்கிய சண்டை மூதூரையும் சம்பூரையும் காலியாக்கியது. இவ்வளவுக்கும் நடுவே வளாகத்தில் விரிவுரைகள் நடந்தன, பரீட்சைகள் நடந்தன, பட்டதாரிகள் வெளியே வந்தார்கள். அந்த ஆண்டுகளில் விரிவுரையாளர்களும் ஊழியர்களும் செய்த வேலைக்கு இன்னும் ஒருவர் உட்கார்ந்து முறையான வரலாறு எழுதவில்லை. எழுதப்பட வேண்டும்.

2008இல் சித்த மருத்துவப் பிரிவு சேர்ந்தது. இன்று அது ஒரு பீடம். வளாகம் எடுத்த முடிவுகளில் மண்ணோடு மிகவும் ஒட்டியது இதுவே என்பேன். கிழக்கில் நாட்டு வைத்தியம் வீட்டுத் திண்ணையில் இருந்து வந்த கல்வி. ஏட்டையும் மருந்துக் கல்வத்தையும் தந்தை மகனுக்குக் கொடுத்துவிட்டுப் போவார். மகன் கொழும்பில் வேலைக்குப் போய்விட்டால் ஏடு கறையானுக்கு. அதே அறிவு இப்போது உடற்கூற்றியலோடும் ஆய்வுகூடத்தோடும் சேர்ந்து பட்டப்படிப்பாகி, சேர்வோரில் பெண்பிள்ளைகளும் நிறையப் பேர். ஊரிலிருந்து எழுந்த கேள்விக்கு ஊரிலேயே பாடத்திட்டம் அமைந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இனி வளாகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் என்ன வேறுபாடு என்பதற்கு வருவோம். பெயர்ப்பலகையில் என்ன இருக்கிறது, பிள்ளைகள் படித்தால் போதாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர், பேரவை, மூதவை இருக்கும். திறைசேரியிலிருந்து தன் பெயரில் நிதி ஒதுக்கீடு வரும். வளாகத்துக்கு இருப்பவர் முதல்வர். புதிய துறை ஒன்றைத் தொடங்க நினைத்தால் யோசனை பீடத்தில் பிறந்து, வளாக மட்டத்தில் பேசப்பட்டு, வந்தாறுமூலை மூதவைக்கும் பேரவைக்கும் போய், அங்கிருந்து பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும். மூதவையில் மற்றப் பீடங்களின் தேவைகளும் வரிசையில் நிற்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர்களிடம் கெட்ட எண்ணம் எதுவும் இருக்கத் தேவையில்லை. தம் கண்முன் ஒழுகும் கூரையை முதலில் பார்ப்பது மனித இயல்பு.

மற்ற ஊர்கள் எவ்வளவு காலம் காத்திருந்தன என்று பார்த்தால் திருகோணமலையின் நிலை விளங்கும். யாழ்ப்பாணம் வளாகமாகி ஐந்து ஆண்டுக்குள் பல்கலைக்கழகமானது. ருகுணை 1978இல் கல்லூரியாகி 1984இல் உயர்ந்தது. மட்டக்களப்புக்கு ஐந்து ஆண்டு, ஒலுவிலுக்கு ஓராண்டுக்கும் குறைவு. திருகோணமலையோடு ஒரே திட்டத்தில் பிறந்த இணைந்த கல்லூரிகள் 1990களின் நடுவிலேயே ரஜரட்டை, சப்பிரகமுவப் பல்கலைக்கழகங்களுக்குள் கரைந்து உருமாறிவிட்டன. வடமாகாணக் கல்லூரி 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஆகஸ்ட் 1ஆம் தேதி வவுனியாப் பல்கலைக்கழகமானது. அதுவும் 30 ஆண்டு காத்திருந்ததுதான், ஆனால் அதன் காத்திருப்பு முடிந்துவிட்டது. துறைமுக ஊரின் காத்திருப்பு முடியவில்லை.

தனிப் பல்கலைக்கழகம் வேண்டாம் என்போரின் வாதங்களை ஒதுக்கிவிட முடியாது. நாட்டில் உயர்தரத்தில் தகுதி பெறும் நாலு பிள்ளைகளில் ஒரு பிள்ளை அளவுக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் இருக்கிறது. இருக்கும் பணத்தை இடங்களைக் கூட்டச் செலவிடாமல் இன்னொரு நிர்வாகக் கட்டடத்துக்குச் செலவிடலாமா என்பது முதற்கேள்வி. பேராசிரியர் தட்டுப்பாடு இன்னொன்று. பொருளாதார நெருக்கடிக்குப் பின் வெளிநாடு போன விரிவுரையாளர்களின் இடங்கள் எங்கும் காலியாகக் கிடக்கின்றன. மூன்றாவது வாதம் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கிழக்கில் ஏற்கெனவே ஒரு பல்கலைக்கழகம் தமிழருடையதென்றும் மற்றது முஸ்லிம்களுடையதென்றும் பேசப்படுகிறது. திருகோணமலை தனியானால் அது யாருடையது என்று நாளைக்கே ஒரு சண்டை வரும் என்கிறார்கள்.

2012 குடித்தொகைக் கணக்கெடுப்பின்படி திருகோணமலை மாவட்டத்தில் ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் பேர். நூற்றுக்கு 40 அளவில் முஸ்லிம்கள், 30 அளவில் தமிழர், 27 அளவில் சிங்களவர். இந்தக் கணக்கைக் காட்டித்தான் பயமுறுத்துகிறார்கள். எனக்கு அதே கணக்கு நம்பிக்கை தருகிறது. எந்த ஒரு சமூகமும் தனக்கே உரியது என்று சொல்ல முடியாத மாவட்டம் கிழக்கில் இது. பல்கலைக்கழக அனுமதியில் 40 விழுக்காடு நாடு தழுவிய திறமைக்கும், 55 விழுக்காடு மாவட்டங்களுக்கும், 5 விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போவதால், எந்த வளாகத்திலும் நாட்டின் எல்லா மூலைப் பிள்ளைகளும் கலந்துதான் வருகிறார்கள். 1950களில் கேட்கப்பட்டது தமிழ்ப் பல்கலைக்கழகம். அன்று கேட்டவர்களின் வலி உண்மையானது; தமிழில் ஆழ்ந்த ஆய்வுக்கு இங்கே உறுதியான இடம் வேண்டும் என்பதில் நான் ஒரு அடியும் பின்வாங்க மாட்டேன். கோணேசர் கல்வெட்டும் மோகனாங்கியின் ஆசிரியரும் பிறந்த சூழலை இங்கேயே படிக்க முடியாவிட்டால் வேறெங்கே படிப்பது? அதோடு கிண்ணியாவின் அரபுத் தமிழ் மரபும், கந்தளாய்க் குளத்தைச் சுற்றி வாழும் சிங்கள விவசாயியின் வாழ்வும் அதே மூதவையின் முன் வர வேண்டும். இதைச் செய்ய வேறெந்த ஊருக்கும் இவ்வளவு வசதி இல்லை.

கடலைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று இங்கே இருக்கிறது. அதன் வாயிலிருந்து கடலடியில் ஒரு பள்ளத்தாக்கு ஆழ்கடலை நோக்கி இறங்குகிறது. அதனால்தான் கரைக்கு இவ்வளவு அருகில் நீலத்திமிங்கிலம் வருகிறது. நாட்டின் மிக நீண்ட ஆறான மகாவலி கொட்டியார்க் குடாவில் கலக்கிறது. நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவின் பவளப்பார். சுவாமி மலைக்குக் கீழே, 1956இல் ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் மூழ்கிப் பார்த்த பழைய கோயிலின் கற்கள். சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99. அவற்றை யாருக்குக் கொடுப்பதென்று நாடுகளுக்கிடையே ஒப்பந்தமாகிறது. அந்த ஒப்பந்தத்தைப் படித்து ஊருக்கு விளக்கவும் இங்கே ஆட்கள் வேண்டும். கடற்படைக்கும் விமானப்படைக்கும் இந்த ஊரில் பயிற்சிக் கல்லூரிகள் எப்போதோ வந்துவிட்டன. மீன்பிடிக்கும் கடல் விஞ்ஞானத்துக்குமான பீடம் ருகுணையில், மாத்தறைப் பக்கத்தில், இருக்கிறது. கோணேசபுரியில், அலை கேட்கும் தூரத்தில், அப்படி ஒரு பீடம் எழவில்லை.

டிப்ளோமாக் கல்லூரியாகத் தொடங்கியபோது கையில் இருந்த வசதிக்கு ஏற்ற பாடங்கள் அமைந்தன. வளாகமான பின் அவையே பீடங்களாகத் தடித்தன. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கணினியும் வணிகமும் படித்துப் போன பிள்ளைகள் நூற்றுக்கணக்கான வீடுகளில் அடுப்பெரிய வைத்திருக்கிறார்கள். ஆனால் தன் மூதவை தன் கடற்கரையில் கூடும் ஒரு நிலையம் முதல் ஐந்து ஆண்டுக்குள் கேட்கும் கேள்வி வேறாக இருக்கும் என்று நம்புகிறேன். வவுனியாவுக்குச் செய்ததை வர்த்தமானி அறிவித்தல் ஒன்றால் இங்கும் செய்யலாம். அதற்குமுன் கடலியலுக்கென ஒரு சிறு துறையை, நாலு விரிவுரையாளரும் ஒரு படகுமாக, வளாகத்துக்குள்ளேயே தொடங்கினால் உயர்வுக்கான வாதம் தானே வலுக்கும்.

சில காலத்துக்கு முன், கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும் ஒரு ஆடி மாதத்துப் பிற்பகலில், நிலாவெளிக் கரையில் கரைவலை இழுத்து முடித்த சம்மாட்டி ஒருவரோடு வாடிக்குள் உட்கார்ந்திருந்தேன். வலையில் அன்று சூடை மட்டும்தான். தகப்பன் காலத்தில் எந்த மாதம் எந்த மீன் எந்தப் பாரில் நின்றது, இப்போது எது வருவதில்லை, வாடை தொடங்கும் நாள் எப்படி முன்பின்னாகப் போகிறது என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே போனார். எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். ஒரு பழைய கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். மூத்த மகன் சிறு வயதில் எழுதியது. அவன் வெளிநாடு போன பிறகு பக்கங்கள் வெறுமையாக இருந்தன. தண்ணீர் பட்டு ஊதா மை கலங்கியிருந்தது. இளைய மகள் கம்பஸில் படிப்பதாகச் சொன்னார். என்ன படிக்கிறாள் என்று கேட்டேன், கணக்கியல் என்றார்.